ஆலங்காயத்துக்கு மூன்று இலக்கம்

ஆலங்காயம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊரில் மொத்தம் முப்பத்து நான்கு போன்கள் இருந்தன. அறுபதுகளின் தொடக்கம். எனக்கு வயது இருபத்திரண்டு. தபாலாபீசுக்குப் பின்புறம் ஓர் அறை, அதில் ஐம்பது இணைப்புகள் தாங்கும் ஒரு மரப்பலகை, அதன் முன்னால் ஓர் உயரமான நாற்காலி. அவ்வளவுதான் எக்ஸ்சேஞ்ச். யாராவது தங்கள் வீட்டுப் போனின் கைப்பிடியைச் சுற்றினால் பலகையில் அவர்கள் எண்ணுக்கு மேலிருக்கும் சின்னத் தகடு டக்கென்று விழும். நான் ஒரு வயரின் முனையை அங்கே செருகி, "நம்பர் சொல்லுங்க" என்பேன். சொன்னதும் மறுமுனையை அந்த எண்ணில் செருகி மணி அடிப்பேன்.

எண் சொல்பவர்கள் பாதிப்பேர்தான். மற்றவர்கள் "மில்லுக்குக் குடும்மா" என்றோ, "நம்ம வக்கீல் வந்துட்டாரா பாரு" என்றோ சொல்வார்கள். வக்கீல் வரவில்லை என்பது பெரும்பாலும் எனக்கே தெரிந்திருக்கும். ஆனால் சில எண்கள் பெயரைப் போலவே புழங்கின. ஒன்பது என்றால் ஆஸ்பத்திரி. அதை ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு என்றால் தோல் மண்டி பாய். ஊருக்கு வந்த இரண்டாவது போன் அவருடையது. மண்டிப் பலகையில், மாட்டு வண்டியின் பக்கவாட்டில், மகளின் கல்யாணப் பத்திரிகையில்கூட 'போன்: 2' என்று போட்டிருந்தார்.

ஒரு சித்திரை மாதம் வேலூரிலிருந்து ஒரு சூப்பர்வைசர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், நாற்பது வயதிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கக்கத்தில் சுருட்டிய வரைபடம், சட்டைப்பையில் மூன்று பென்சில். இன்னும் சில வருஷங்களில் ஆலங்காயத்துக்குத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வரப்போகிறது, அப்போது அவரவரே எண்ணைச் சுழற்றிப் பேசிக்கொள்ளலாம், நடுவில் ஆள் தேவையில்லை என்றார். அதற்கு முன் ஒன்று முடிவாக வேண்டுமாம். ஊரின் எண்களுக்கு எத்தனை இலக்கம் வைப்பது?

"இருபது வருஷம் கழிச்சு இந்த ஊர்ல எத்தனை போன் இருக்கும்? நீங்க சொல்லுங்கோ. உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்" என்று என்னிடமே கேட்டார். வீடுவீடாகப் போய்க் கணக்கெடுக்க என்னையும் கூட வரச் சொன்னார்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். நானும் அம்மாவும் ஒடுகத்தூரிலிருந்து வந்து கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தோம். அம்மா குழம்பை ஊற்றுவதை நிறுத்திவிட்டு, "உன் வேலைய எடுக்கறதுக்கு உன்னையே கணக்குப் போடச் சொல்றானா? நீயும் போடறியா?" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து முதுகு விட்டுப்போயிருந்தது. ஊர் சுற்ற அரசாங்கமே அனுப்பினால் கசக்குமா என்ன?

பதினைந்து நாள் சுற்றினோம். மூன்று பேர்: சூப்பர்வைசர், நான், எங்கள் லைன்மேன். என் நாற்காலிக்கு வாணியம்பாடியிலிருந்து ஒருவரை மாற்று ஆளாக அனுப்பியிருந்தார்கள். லைன்மேன் மலைமேல் ஒரு கிராமத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். கம்பத்தில் ஏறும்போது பீடியை அணைக்காமல் காதில் செருகிக்கொள்வார், ஒருநாளும் சுட்டுக்கொண்டதில்லை. சூப்பர்வைசர் ஒவ்வொரு கடையிலும் வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "எதிர்காலத்துல போன் வேண்டியிருக்குமா?" பதில்தான் விதவிதமாக வரும். ஒரு மளிகைக்காரர், "எதுக்குங்க? எங்க மாமியா வூட்டுக்காரங்க கெடந்து பேசவா?" என்றார். நிலக்கடலை வியாபாரி ஒருவர் நான்கு போன் வேண்டுமென்றார். எதற்கு நான்கு என்றால், தனக்கு நான்கு பையன்கள் என்றார்.

தோல் மண்டி பாய் வீட்டில் ஆண்கள் முன்னறையில் பேசிக்கொண்டிருக்க, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். பாயின் மனைவி அங்கே ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்த மகளோடு தினமும் பதினோரு மணிக்குப் பேசுவார். இரண்டு வருஷமாக அந்தக் குரலை நான் கேட்டுக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்த்ததில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா பேட்டி அது? குரலக் கேட்டு நல்லா குண்டா இருப்பேன்னு நெனச்சிகினு இருந்தேன். இன்னா இப்டி கீறே? சாப்பிடறியா இல்லியா?"

உருதுவில் பேட்டி என்றால் மகள். ஒரு தட்டு நிறைய சேமியா வைத்தார். முழுதும் சாப்பிட்ட பிறகுதான் வெளியே விட்டார். இருபது வருஷத்தில் எத்தனை போன் என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இன்னொரு தட்டு வந்திருக்கும்.

கடைசி இரண்டு நாள் மலைக்குப் போனோம். காவலூர் வரை ஜீப், அதற்கப்புறம் நடை. சாமை வயலும் பலா மரமும் தவிர, படிவத்தில் எழுதத்தக்கதாக எதுவும் என் கண்ணில் படவில்லை. 'எதிர்பார்க்கப்படும் இணைப்புகள்' என்ற கட்டத்தில் சைபர் போட்டேன். லைன்மேன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"மலைக்கு ஒண்ணுமே இல்லீங்களா?" என்றார்.

"யார் பேசப் போறாங்க அண்ணே?"

"அது எனக்குத் தெரியாதுங்க. சும்மா எடமாவது வுட்டு வைங்க. பொறவு வர்றவன் வந்து எடம் இல்லன்னு நிக்கக் கூடாதில்ல?"

நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் அந்தப் பேச்சை எனக்கு முன்னால் புரிந்துகொண்டார். பென்சிலை வாங்கி, சைபரைத் திருத்தாமல், ஓரத்தில் 'மலைக்குப் பத்து எண்கள் ஒதுக்கி வைக்க' என்று எழுதினார்.

திரும்பி வந்து கணக்குப் போட்டபோது எங்களுக்குள் சண்டை வந்தது. என் கணக்குப்படி இருபது வருஷத்தில் தொண்ணூறு போன். இரண்டு இலக்கமே போதும், மிச்சமும் இருக்கும். அவர் கணக்கு நானூறு. நான் சிரித்துவிட்டேன். நானூறு போனுக்கு நானூறு பேர் வேண்டாமா சார் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இப்ப இருக்கறவாளைத்தான் நீங்க எண்ணறேள். பொறக்கப் போறவாளையும் சேர்த்து எண்ணணும்" என்றார். இதில் அவர் பக்கம்தான் சரி. நான் அந்த ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே, போன் கேட்டு வந்து காத்திருந்த மனுக்களையும் சேர்த்தால் என் தொண்ணூறு தாண்டியாகிவிட்டது.

மூன்று இலக்கம் என்று முடிவாயிற்று. அடுத்து, எந்தப் போனுக்கு எந்த எண்? சூப்பர்வைசர் மூன்று பென்சிலையும் சீவி வைத்துக்கொண்டு ஒரு திட்டம் போட்டார். கடைத்தெருவில் இருப்பவர்களுக்கு இரண்டில் தொடங்கும் எண். வாணியம்பாடி ரோட்டுக்காரர்களுக்கு மூன்று. மலை ரோட்டுக்கு நான்கு. ஒவ்வொரு தெருவிலும் வீட்டு வரிசைப்படி எண்கள் போகும். வயர் இழுப்பவனுக்கு வசதி, பார்க்கவும் அழகு. அதன்படி ஆஸ்பத்திரி ஒன்பதிலிருந்து 317 ஆயிற்று. பாயின் இரண்டு, 325.

பட்டியலை உருட்டச்சு போட்டு முப்பத்து நான்கு இடத்துக்கும் அனுப்பினோம். மறுநாள் காலை பத்து மணிக்குப் பாய் நேரில் வந்துவிட்டார். பருமனான மனிதர். அந்த அறையில் அவர் நின்றால் வேறு யாரும் நிற்க முடியாது.

"இன்னாங்க சார் இது? எங்க நம்பர் எங்க?"

"உங்களுக்கு 325 கொடுத்திருக்கு பாய்."

"அது யாரோட நம்பரோ. எங்க ரெண்டு எங்க போச்சுன்னு கேக்கறேன்."

சூப்பர்வைசர் வரைபடத்தை விரித்து, வாணியம்பாடி ரோட்டில் பாயின் வீடு இருபத்தைந்தாவது இடத்தில் வருவதை விரலால் காட்டினார். பாய் வரைபடத்தைப் பார்க்கவில்லை. சூப்பர்வைசரின் முகத்தையே பார்த்தார்.

"பாதி ரோட்ல போன் இல்லாத வூடு. அந்த வூட்டையும் எண்ணி எனக்கு இருவத்தஞ்சா? நான் ரெண்டாவது ஆளு சார். மெட்ராஸ்ல தோல் வாங்கறவனுக்குக்கூட நான் ரெண்டு. செத்தா கபர்ல கூட ரெண்டுன்னுதான் எழுதுவேன்னு வூட்ல சொல்லி வெச்சிருக்கேன்."

சூப்பர்வைசர் விதிகளைச் சொன்னார். பாய் எனக்கு மட்டும் சலாம் வைத்துவிட்டுப் போனார்.

புதிய எண்கள் மனதில் பதிய ஒரு வாரம் ஒத்திகை நடத்துவது என்று சூப்பர்வைசர் ஏற்பாடு செய்தார். பலகை பழையதுதான். ஆனால் எல்லாரும் மூன்று இலக்க எண்ணைச் சொல்லித்தான் இணைப்புக் கேட்க வேண்டும். என்ன எண் கேட்கிறார்களோ அதையே நான் கொடுக்க வேண்டும். தப்பு என்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது. "மெஷின் திருத்தாது இல்லையா? மெஷின் மாதிரி இருங்கோ" என்றார். எத்தனை தப்பு நடக்கிறது என்று குறிக்க, என் பின்னால் ஒரு ஸ்டூலில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொண்டார்.

முதல் இரண்டு நாள் நான் சிரிப்பை அடக்கியே களைத்துப் போனேன். எண்ணெய் மில் மேனேஜருக்குப் பஸ் கம்பெனி ஆபீஸ் வேண்டும். அது 223. அவர் கேட்டது 232. அது டூரிங் டாக்கீஸ். கேட்டதைக் கொடுத்தேன்.

"எட்டு மணிக்கு இருக்குங்களா?" என்றார் மேனேஜர்.

"எட்டுக்கு இல்ல சார். ஆறரை, ஒம்பதரை ரெண்டுதான்" என்றார் டாக்கீஸ்காரர்.

"ஒம்பதரைக்கு ஒருத்தருக்கு எடம் கெடைக்குமா?"

"தாராளமா. தரையா, பெஞ்சா, சேரா?"

"வாணியம்பாடி வரிக்கும் தரையிலயா?" என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டார்.

நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். பின்னால் பென்சில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சூப்பர்வைசரும் காதில் ஒரு கருவியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. ஆனாலும் நோட்டில் 'தவறு' என்ற தலைப்பின் கீழ் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் மாலை கோடுகள் இரண்டு பக்கம் நிறைந்திருந்தன. போகப் போகச் சரியாகிவிடும் என்றார்.

நான்காம் நாள் மதியம் இரண்டு மணி இருக்கும். இரண்டாம் எண்ணின் தகடு விழுந்தது. வழக்கமாக அது பதினோரு மணிக்கு விழும், வாணியம்பாடி மகளுக்காக. இந்த நேரத்தில் விழுந்ததே எனக்கு உறுத்தியது. வயரைச் செருகினேன்.

"பேட்டி..." பாயின் மனைவிதான். மூச்சு வாங்கியது. "இவரு படியில வுழுந்துட்டாரு. மண்டையில ரத்தம். கண்ணத் தொறக்க மாட்டேங்கறாரு. வூட்ல யாரும் இல்ல. டாக்டரக் குடு."

எனக்கு ஒரு நொடி கை நின்றது. விதிப்படி நான் எண் கேட்க வேண்டும்.

"நம்பர்..." என்று வாயெடுத்தேன்.

"முன்னூத்தி இன்னாவோ சொன்னாரு. எனக்கு அந்தக் காயிதம் படிக்க வராது பேட்டி. முன்னூத்தி..."

அதற்குள் என் கை மறுமுனையை ஒன்பதில் செருகியிருந்தது. மூன்று தடவை மணி அடித்தேன். கம்பவுண்டர் எடுத்தார். நானே பேசினேன்: "தோல் மண்டி பாய் வீடு. விழுந்துட்டார், நினைவில்லை. டாக்டரை உடனே அனுப்புங்க." பிறகு அந்த அம்மாவிடம், "கிளம்பிட்டாங்கம்மா. நான் லைன்லயே இருக்கேன். சுத்தமான துணி வெச்சு அழுத்திப் பிடிங்க" என்றேன். வேறு மூன்று தகடுகள் விழுந்தன. நான் எடுக்கவில்லை. டாக்டரின் சைக்கிள் மணிச் சத்தம் போனிலேயே எனக்குக் கேட்டது. அதுவரை அந்த அம்மா துவா ஓதிக்கொண்டிருந்தார், நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

போனை வைத்த பிறகுதான் பின்னால் ஆள் இருப்பது ஞாபகம் வந்தது. மெமோ நிச்சயம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்காமல் வயர்களை ஒழுங்குபடுத்துவதுபோலப் பாவனை செய்தேன்.

"அந்தம்மா என்ன நம்பர் கேட்டா?" என்றார் சூப்பர்வைசர்.

"நம்பரே கேக்கல சார்."

"பின்ன?"

"குரல் தெரியும். என்ன வேணும்னு தெரியும்."

"மெஷினுக்குத் தெரியாதே."

"தெரியாதுதான் சார்" என்றேன். பயம் போய்விட்டிருந்தது. "அதனாலதான் சொல்றேன். அந்தம்மாவுக்கு ஒன்பது தெரியும். போன வாரம் வரைக்கும் ஒன்பது குடுன்னுதான் கேட்டாங்க. ஊர்ல எல்லாருக்கும் அது தூக்கத்துலகூடத் தெரியும். நீங்க அதைப் பிடுங்கிட்டு 317ங்கறீங்க. ஒன்பதை அப்படியே விட்டுட்டு, முன்னாடி இருநூறு சேர்த்தா என்ன? இருநூத்தி ஒன்பது. பதினாலு இருநூத்திப் பதினாலு. ஊர் முழுக்கப் புதுசா கத்துக்க வேண்டியது அந்த இருநூறு ஒண்ணுதான்."

"தெருக் கணக்கு போயிடுமே."

"போகட்டும் சார். தெருவைத் தெரிஞ்சுக்க யாரும் போன் பண்ணப் போறதில்ல."

அவர் எழுந்து வெளியே போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். பாய் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நெற்றியில் நான்கு தையல், நினைவு திரும்பிவிட்டது, சர்க்கரை இறங்கி மயக்கம் வந்ததாம், பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். இதைச் சொல்லிவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பட்டியலைக் கழற்றினார். மேசையில் வைத்து, ரப்பரால் அழிக்க ஆரம்பித்தார். அச்சுப் போட்ட தாள், அழியாது என்று அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் 201 என்று தொடங்கி எழுதினார். ஒத்திகை அன்றோடு நின்றது.

வேலூரில் அவருக்கு இதற்காக என்ன பாட்டு கிடைத்ததோ தெரியாது. நான்கு மாதம் கழித்துத்தான் ஒப்புதல் வந்தது. இந்தத் தடவை பட்டியலை உருட்டச்சுக்குக் கொடுக்கவில்லை. முப்பத்து நான்கு இடத்துக்கும் நானே கையால் எழுதினேன். பாய் வீட்டுக்கான தாளில் மட்டும், ஆஸ்பத்திரி எண்ணை உருதுவில் எழுதிக் கொடுக்க மசூதிப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன்.

பாய் அதை வாங்கிக்கொள்ளத் தானே வந்தார். நெற்றியில் தழும்பு. தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இருநூத்தி ரெண்டு" என்று படித்தார். "முன்னாடி ஒரு ரெண்டு, பின்னாடி ஒரு ரெண்டு. நடுவுல முட்டை." தன் வயிற்றைத் தட்டிக்கொண்டார். "அது நான்தான். சரிதாம்மா. ஒத்துக்கறேன்."

சூப்பர்வைசரோடு அன்றுதான் கை குலுக்கினார்.

அதன் பிறகு சில வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. கட்டடம் வர வேண்டும், மெஷின் வர வேண்டும், அதற்குக் கரண்ட் வர வேண்டும். இடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருநாள் பேன்ட் போட்ட இரண்டு பேர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, காவலூருக்கு டெலிபோன் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். அங்கே உங்களுக்கு என்ன வேலை என்றேன். நட்சத்திரம் பார்க்கப் போகிறோம் என்றார்கள். இந்தப் பக்கத்திலேயே வானம் அங்கேதான் நல்ல இருட்டாக இருக்கிறதாம். மலையில் இருட்டைத் தேடி ஆள் வருவார்கள் என்று சூப்பர்வைசரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. லைன்மேன் வாசலில் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் போனதும், "எடம் கீதுங்களா?" என்று மட்டும் கேட்டார். பத்து இருக்கு அண்ணே என்றேன்.

தானியங்கி எக்ஸ்சேஞ்ச் திறந்தது ஒரு தை மாதக் காலை. சூப்பர்வைசர் முதல்நாளே வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது. புதிய அறையில் இரும்பு அலமாரிகள் வரிசையாக நின்றன. எண் சுழற்றினால் அவை மழைபோலச் சடசடக்கும் என்று சொல்லியிருந்தார். பத்து மணிக்குப் பழைய இணைப்பைத் துண்டித்துப் புதியதில் கொடுத்தார்கள். நாங்கள் மூவரும் மழைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

ஒரு சத்தமும் இல்லை. கால் மணி, அரை மணி. சூப்பர்வைசர் ஒவ்வொரு அலமாரியாகத் தொட்டுப் பார்த்தார். "எங்கேயோ தப்பு பண்ணிட்டோம்" என்றார். முகம் வெளுத்துவிட்டது.

நான் போய்ப் பார்த்து வருகிறேன் என்று கடைத்தெருவுக்கு நடந்தேன். முதலில் எண்ணெய் மில். மேனேஜர் புதுப் போனுக்கு முன்னால் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மில்லாட்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள்.

"ஏன் சார் யாருக்கும் போன் பண்ணல?"

"யார்னா பண்ணுவாங்கன்னு பாத்துகினு இருக்கேம்மா. மொதல்ல நாம கை வெச்சி எதுனா ஆய்ட்டா?"

அடுத்தடுத்து நான்கு கடைகளிலும் இதே கதை. ஊர் முழுக்கப் போனுக்கு முன்னால் உட்கார்ந்து, மணி அடிக்கும் என்று காத்திருந்தது. நான் மில்லுக்குத் திரும்பி வந்தேன். மேனேஜரின் விரலைப் பிடித்து இரண்டில் வைத்து, "கடைசி வரைக்கும் சுத்திட்டு விட்டுடுங்க. அதுவே திரும்பிக்கும்" என்றேன். மூன்று எண்ணும் சுற்றினார். எதிரே நூறடி தூரத்தில் வக்கீல் ஆபீசில் மணி அடித்தது. அது எங்களுக்கு ஜன்னல் வழியாகவே கேட்டது. வக்கீல் எடுத்தார்.

"யாருங்க?"

"நான்தாங்க, மில்லு."

"சொல்லுங்க."

மேனேஜர் யோசித்தார். சொல்ல ஒன்றும் இல்லை. "சும்மாதாங்க" என்றார். "சரிங்க" என்றார் வக்கீல். இருவரும் வைத்துவிட்டார்கள். மில்லாட்கள் கை தட்டினார்கள்.

நான் எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பியபோது வாசலிலேயே சடசடப்புக் கேட்டது. லைன்மேனும் இன்னும் இரண்டு பேரும் என் பழைய பலகையைப் பின்கதவு வழியாகத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பாரம் அதிகம், வழியில் நிற்காதீர்கள் என்றார் லைன்மேன். நான் ஒதுங்கி வழிவிட்டேன். சூப்பர்வைசர் மூன்று பேருக்கும் டீ சொல்லியிருந்தார். வெளியூர் அழைப்புகளை இணைக்கும் வேலூர் டிரங்க் எக்ஸ்சேஞ்சுக்கு என்னை மாற்றும் உத்தரவு அவர் பையில் இருந்தது. டீயைக் குடித்து முடித்த பிறகுதான் எடுத்துக் கொடுத்தார். அன்று மூன்று மணிக்கே வீட்டுக்குப் போய், பெட்டி எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன்.